திருகோணமலையில் இயற்கையோடு ஒட்டிய சிறுவர் பூங்கா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு சனசமூக நிலையமோ முன்பள்ளியோ மாதர் சங்கமோ, கோயில் அல்லது பள்ளிவாசல் நிர்வாகமோ, ஒரு துண்டுக் காணியைச் சிறுவர்களுக்கென்று ஒதுக்க நினைத்தால் உடனே எழும் கேள்விகள் இவை. எங்களூர் வெயில், காற்று, மண், மான், மாடு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்தே பதில் சொல்லியிருக்கிறேன். கொழும்பில் சரிவந்த வரைபடத்தை இங்கே கொண்டுவந்து விரித்தால் ஒரு கோடை தாங்காது.

இயற்கை விளையாட்டிடம் என்று எதைச் சொல்கிறீர்கள்? ஊஞ்சலும் சறுக்கும் இல்லாவிட்டால் பிள்ளைகள் வருவார்களா?

ஊஞ்சல் இருக்கட்டும். ஊஞ்சலை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஊஞ்சல், சறுக்கு, சீசோ மூன்றையும் வாங்கி வெட்டவெளியில் நட்டு, சுற்றிவர இன்டர்லொக் கல் பதித்து, பெயர்ப்பலகை திறந்துவைத்தால் பூங்கா முடிந்தது என்று நினைப்பதுதான் பிரச்சினை. மே மாதத்தில் காலை பத்து மணிக்குப் பிறகு அந்தத் தகரச் சறுக்கில் கை வைத்துப் பாருங்கள்.

இயற்கை விளையாட்டிடத்தில் இடமே விளையாட்டுச் சாமான். ஏறி உருள ஒரு மண்மேடு, கால் தடுமாறாமல் நடந்து பழக விழுந்த மரமொன்று, ஒளிக்கப் பற்றை, தோண்ட மணல், மாரியில் தண்ணீர் ஓடும் ஓடை, பொறுக்கி எடுக்கத் தடியும் விதையும் சிப்பியும். சறுக்கில் சறுக்கலாம், அவ்வளவுதான். ஒரு தடி காலையில் துடுப்பாக இருக்கும், மத்தியானம் கிட்டிப்புள்ளாகும், பின்னேரம் கடை வீட்டுக் கூரைக்குப் போய்விடும். பிள்ளை கையால் எடுத்து, நகர்த்தி, சேர்த்து, பிரிக்கக்கூடிய உதிரிப் பொருட்கள் ஓரிடத்தில் எவ்வளவு அதிகமோ, அவ்வளவுக்கு அங்கே புதுவிளையாட்டுகள் பிறக்கும் என்று சைமன் நிக்கல்சன் என்ற பிரித்தானியர் 1971இல் ஒரு கட்டுரையில் வாதிட்டார். பனங்காய் வண்டில் உருட்டி, பூவரசு இலையில் பீப்பீ ஊதி, ஐந்து கல்லை வைத்துக் கொக்கான் வெட்டி வளர்ந்த தலைமுறைக்கு அந்தக் கட்டுரை தேவைப்படாது. அவர்களின் பேரப்பிள்ளைகளுக்குப் பூங்கா கட்டுகிறவர்களுக்குத் தேவைப்படுகிறது.

இது வெளிநாட்டு மோஸ்தர் அல்லவா?

பாதி உண்மை. டென்மார்க் நிலத்தோற்றக் கலைஞர் சோரன்சன், தான் அழகாக வடிவமைத்துக் கொடுத்த திடல்களை விட்டுவிட்டுப் பிள்ளைகள் கட்டட வேலை நடக்கும் இடங்களிலும் குப்பை மேடுகளிலும் விளையாடுவதைக் கவனித்தார். அதிலிருந்து, 1943இல், நாடு ஜேர்மனியரின் பிடியில் இருந்த காலத்தில், கொப்பன்ஹேகனின் எம்ட்ரூப் பகுதியில் பலகை, செங்கல், மண் மட்டுமே உள்ள ஒரு விளையாட்டிடம் திறக்கப்பட்டது. அதைப் பார்த்துப் பிரித்தானியாவுக்குக் கொண்டுபோனவர் ஹேர்ட்வூட் சீமாட்டி அலன். குண்டு விழுந்து இடிந்த மனைகளில் அங்கே இவ்வகைத் திடல்கள் முளைத்தன. ஜேர்மனியின் ஃப்ரைபுர்க் நகரம் 1990களில் பழுதான இரும்புச் சாமான்களைத் திரும்ப வாங்காமல், அயலவர்களோடு சேர்ந்து மேடு, மரம், கல், நீர் என்று திடல்களை மாற்றத் தொடங்கியது.

போரும் இடிபாடும் நடுவே பிள்ளைகளுக்கு விளையாட இடம் தேடிய கதை எங்களுக்கு வேற்றூர்க் கதையாகத் தோன்ற நியாயமில்லை. சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 31ஆம் உறுப்புரை விளையாட்டை உரிமையாகவே சொல்கிறது. இலங்கை அதை 1991இல் ஏற்றுக்கொண்டது.

எங்களூரில் முதலில் யோசிக்க வேண்டியது எது?

நிழல். இரண்டாவதும் நிழல்தான். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

திருகோணமலை வட அகலக்கோடு எட்டரைப் பாகையில் இருக்கிறது. சூரியன் ஏப்ரல் இரண்டாம் வார அளவில் ஒருமுறையும் ஓகஸ்ட் கடைசியில் ஒருமுறையும் நேர் உச்சிக்கு வரும். இடைப்பட்ட மாதங்களில் மத்தியானச் சூரியன் எங்களுக்கு வடக்கே நிற்கும். சரியாக இந்த மாதங்கள்தான் கொடும் வெயில் காலம். ஆகவே மணல் குழிக்குத் தெற்கே மரத்தை நட்டுவிட்டு, ‘நிழல் ஏன் குழியில் விழவில்லை’ என்று யூன் மாதத்தில் யோசிப்பதில் பயனில்லை. பிள்ளைகள் வருவது பின்னேரம் என்பதால் மேற்குப் பக்க மரங்களே அதிகம் உழைக்கும். மேற்கிலும் வடமேற்கிலும் அகலக் கவிந்த மரங்கள் வேண்டும். உச்சி வெயிலுக்கு விளையாட்டிடத்தின் நடுவிலேயே ஒரு பெரிய மரம் இருந்தால் நல்லது.

காற்றையும் பாருங்கள். கோடையில் தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று, மலையைத் தாண்டி ஈரத்தை அங்கேயே கொட்டிவிட்டு வருவதால், வறண்டு கொதிக்கும். புழுதியையும் வாரிக்கொண்டு வரும். அந்தப் பக்கத்தில் அடர்ந்த பற்றையும் நடுத்தர மரங்களும் வரிசையாக வேண்டும். கடற்காற்று வரும் கிழக்குப் பக்கத்தை மட்டும் மறைக்காமல் விட்டுவிடுங்கள். சுற்றிவர ஒரே உயரத்தில் மதில் எழுப்பினால் கச்சானும் நிற்காது, கடற்காற்றும் வராது.

காணியில் ஏற்கெனவே நிற்கும் வேம்பையோ புளியையோ ‘இடைஞ்சல்’ என்று தறித்துவிட்டு, அதே இடத்தில் தகரப் பந்தல் போட்ட பூங்காக்கள் இந்த நாட்டில் ஏராளம். நிற்கும் மரத்தைச் சுற்றி வரைபடத்தை வளையுங்கள். முப்பது வருட மரத்தை எந்த ஒப்பந்தக்காரரும் லொறியில் கொண்டுவந்து இறக்க மாட்டார்.

என்ன மரங்கள் நடலாம்?

காணி கடலுக்கு எவ்வளவு கிட்ட என்பதைப் பொறுத்தது.

திருக்கடலூர், டச்சு வளைகுடா, உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் உப்புக்காற்று நேரே அடிக்கும் இடங்களில் பூவரசும் புன்னையும் முதல் வரிசைக்கு. பூவரசு தடி வெட்டி நட்டாலும் துளிர்க்கும், தாழக் கிளை விடும், ஏறிப் பழக அதைப்போல மரமில்லை. மணலில் அடம்பன் கொடியைப் படரவிடுங்கள். இராவணன் மீசை மணலை நன்றாகப் பிடித்து நிறுத்தும், ஆனால் குத்தும். அதை வேலி ஓரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். சவுக்கு கடலோரக் காற்றுத் தடுப்புக்கு விரும்பி நடப்படுவது. கீழே விழும் அதன் சருகுப் படையில் வேறெதுவும் எளிதில் முளைக்காது என்பதால் விளையாட்டிடத்துக்குள் நான் அதைச் சேர்க்க மாட்டேன்.

உள்ளே தள்ளி, உவர்மலை, பாலையூற்று, அன்புவழிபுரம், தம்பலகாமம் பக்கம் என்றால் நாவல், புளி, இலுப்பை, மருது, வாகை, வேம்பு, கொன்றை. இவற்றோடு வறண்ட வலயக் காட்டுக்கே உரிய பாலையும் வீரையும். பாலை மிக மெதுவாக வளரும். இன்று நடுகிறவர் அதன் நிழலில் இருக்க மாட்டார். ஆனாலும் ஒன்றையாவது நடுங்கள். கோடையில் வீதியோரத்தில் சுருளில் கட்டி விற்கும் பாலைப்பழத்தைக் காசு கொடுத்து வாங்கித் தின்னும் பிள்ளைக்கு, அது மரத்திலிருந்து விழும் பொருள் என்பதும் தெரியட்டும். மருது ஈரம் கேட்கும், மழைநீர் தேங்கும் பள்ளத்தின் ஓரம் அதற்குச் சரியான இடம்.

மே மலர் அழகுதான். கிளை இலகுவில் முறியும். 1964 டிசம்பர் 22இல் இந்த ஊரைத் தாக்கிய சூறாவளியை மூத்தவர்கள் இன்னும் சொல்வார்கள். 2020 டிசம்பரில் புரெவியும் இந்தக் கரையில்தான் ஏறியது. ஊஞ்சலுக்கு மேலே முறியும் மரம் வேண்டாம்.

வண்ணத்துப்பூச்சிக்குத் தனித் தோட்டம் தேவையில்லை. கறிவேப்பிலை, எலுமிச்சை, கொன்றை மூன்றும் இருந்தால் புழுவும் வரும், பூச்சியும் வரும். புழுவைக் கண்டதும் மருந்தடிக்கும் ஆளை மட்டும் தடுத்து வையுங்கள்.

நட்டால் மான் தின்றுவிடுமே?

தின்னும். வேறெந்த ஊர்ப் பூங்கா வழிகாட்டியிலும் இந்தக் கேள்வி இருக்காது. பிரட்ரிக் கோட்டைக்குள்ளும் அதைச் சுற்றியும் திரியும் புள்ளிமான்கள் கன்றின் குருத்தைத்தான் முதலில் பார்க்கும். பின்னங்காலில் எழும்பி நின்று எட்டியும் தின்னும். ஆண் மான் கொம்பைத் தேய்த்துப் பட்டையை உரித்துவிடும் என்பதால் கொஞ்சம் வளர்ந்த மரத்துக்கும் காவல் தேவை. மான் வராத பக்கங்களில் கட்டாக்காலி மாடும் ஆடும் அந்த வேலையைச் செய்யும்.

ஒவ்வொரு கன்றுக்கும் மூன்று கம்பு நட்டு ஆறடி உயரத்துக்குக் கம்பிவலைக் கூடு அடியுங்கள். மூன்று வருடம் அது நிற்க வேண்டும். முள்ளுக்கம்பி வேண்டாம், அது பிள்ளையின் கண் உயரத்தில் வரும். காணியைச் சுற்றி உயிர்வேலி போட்டால் சீமைக்கிளுவை வேகமாக வரும். தழையை வெட்டி மரங்களின் அடிக்கு மூடாக்காகப் போடலாம்.

இன்னொன்று. மான்கள் பொலித்தீனைத் தின்று சாவது இந்த ஊரில் பழகிப்போன செய்தியாகிவிட்டது. கோட்டைப் பக்கத்தில் பூங்கா வைப்பவர்கள் மூடியுள்ள, மான் மூக்கை நுழைக்க முடியாத குப்பைத் தொட்டியை முதல் நாளே வைக்க வேண்டும்.

எங்களிடம் இருப்பது 20 பேர்ச் மட்டுமே. போதுமா?

தாராளம். 20 பேர்ச் என்றால் ஏறக்குறைய 500 சதுர மீற்றர். ஒரு பெரிய மரம், ஒரு மேடு, மணல் குழி, ஓடை, நாலு பேர் இருக்கும் திண்ணை, ஓரத்தில் பற்றை எல்லாம் அடங்கும். அடங்காதது கிரிக்கெட். கிரிக்கெட்டுக்கு இடம் கேட்டு வரும் பெரிய பெடியன்களுக்கு முதலிலேயே வேறு திடலைக் காட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் மூன்று மாதத்தில் மணல் குழி விக்கெட்டாகிவிடும்.

மழைத் தண்ணீரை என்ன செய்வது? தண்ணீர் நின்றால் நுளம்பு பெருகுமே?

2017இல் நாடு முழுவதும் 186,000க்கு மேற்பட்டவர்கள் டெங்கு நோயாளர்களாகப் பதிவானார்கள். அந்த வருடத் தொடக்கத்தில் கிண்ணியா பட்ட பாட்டை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. எனவே இந்தப் பயம் நியாயமானது.

கணக்கை முதலில் பார்ப்போம். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர். நவம்பரில் ஒரே நாளில் 100 மி.மீ. கொட்டுவது இங்கே அதிசயமில்லை. 20 பேர்ச் காணியில் அது 50,000 லீற்றர். சீமெந்துத் தரை என்றால் அவ்வளவும் வீதிக்கு ஓடி, வடிகானை நிரப்பி, அயல் வீட்டு முற்றத்தில் போய் நிற்கும். திறந்த மண்ணாக இருந்தால் பெரும்பகுதி கீழே இறங்கும். கரையோரத்தில் கிணறுகளின் நல்ல தண்ணீர், உவர்நீருக்கு மேலே மிதக்கும் ஒரு படைதான். மாரியில் இறங்கும் மழைதான் அதைத் தாங்கி வைத்திருக்கிறது.

டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வர ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை எடுக்கும். ஆகவே மழைநீர்ப் பள்ளத்தை இரண்டு நாளைக்குள் வடியும்படி அமையுங்கள். மணல் தரையில் இது தானாகவே நடக்கும். களி மண்ணென்றால் ஒரு முழம் தோண்டி, சரளையும் மணலும் போட்டு, மேலே மண் நிரப்ப வேண்டும். செய்துவிட்டு நம்பிக்கையில் விடாதீர்கள். பெருமழை முடிந்து இரண்டாம் நாள் போய்ப் பாருங்கள். தண்ணீர் நின்றால் பள்ளத்தை ஆழமாக்க வேண்டாம், அகலமாக்கி ஆழத்தைக் குறையுங்கள்.

அந்த நுளம்பு பள்ளத்தைவிட விரும்புவது சின்னச் சின்ன ஏனங்களைத்தான். யோகட் கோப்பை, சிரட்டை, தண்ணீர்ப் போத்தல் மூடி, எல்லாவற்றுக்கும் மேலாக ரயர். நிறம் பூசிய பழைய ரயர் இல்லாத முன்பள்ளி முற்றத்தை இந்த மாவட்டத்தில் தேடித்தான் பிடிக்க வேண்டும். எப்படிக் கவிழ்த்தாலும் ரயரின் உட்பக்கத்தில் தண்ணீர் நிற்கும். அதன் முட்டை காய்ந்த இடத்தில் பல மாதம் உயிரோடு ஒட்டியிருந்து அடுத்த மழைக்குப் பொரிக்கும். ரயர் வேண்டாம். இதில் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

பற்றை வைத்தால் பாம்பு வராதா?

பாம்பு எலிக்கு வரும், எலி சாப்பாட்டு மிச்சத்துக்கு வரும். குப்பையை ஒழுங்காக அள்ளினாலே பாதி வேலை முடிந்தது. மீதிக்கு இடம் பிரிக்க வேண்டும். கற்குவியல், விறகுக் குவியல், அடர்ந்த பற்றை எல்லாம் எல்லை ஓரத்தில் இருக்கட்டும். பிள்ளைகள் கை நுழைக்கும் இடத்தில் இருக்கும் கற்களுக்கு இடையில் பொந்து இல்லாமல் மண் இறுக்கிவிடுங்கள். பற்றையின் அடிக்கிளைகளை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும், ஒளிக்கவும் இடம் மிஞ்சும். வறண்ட மணற்பாங்கான இடங்களில் சுருட்டை விரியன் உண்டு என்பதால், சருகைக் காலால் கிளறாமல் தடியால் கிளறும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். பொழுதுபட்ட பிறகு விளக்கில்லாத பூங்காவைத் திறந்து வைக்காதீர்கள்.

பிள்ளை விழுந்து கையை முறித்தால் யார் பொறுப்பு?

இந்தக் கேள்விக்குப் பயந்துதான் பல சபைகள் மரத்தில் ஏறுவதைத் தடுத்துவிட்டு, துருப்பிடித்த சறுக்கை அப்படியே விட்டுவைக்கின்றன. இரண்டையும் பிரித்துப் பாருங்கள். மரத்தின் உயரம் பிள்ளைக்குக் கண்ணுக்குத் தெரிகிற ஆபத்து. அது தன் பலத்தை அளந்து, ஒரு கிளை குறைவாகவே ஏறும். சறுக்கின் அடியில் உக்கிப்போன ஆணி பிள்ளைக்குத் தெரியாது. பெரியவர்களின் வேலை இரண்டாவது வகையை ஒழிப்பது.

ஐரோப்பாவின் விளையாட்டுச் சாதனத் தரநிலையில் கைக்கொள்ளத்தக்க சில அளவுகள் இருக்கின்றன. விழக்கூடிய உயரம் எந்தச் சாதனத்திலும் 3 மீற்றரைத் தாண்டக் கூடாது. நீங்களாகவே கட்டுவதென்றால் ஒன்றரை மீற்றரோடு நிறுத்துவது புத்தி. ஒரு மீற்றர் வரை புல்தரை போதும் என்று அங்கே சொல்வார்கள், ஆனால் எங்கள் புல்தரை ஓகஸ்டில் கல்லாக இறுகிவிடும். ஆகவே ஏறும் இடம் எதற்கும் கீழே மணல் போடுங்கள். 2 மீற்றர் உயரத்துக்கு 20 செ.மீ. ஆழம், கால்பட்டுச் சிதறுவதற்காக இன்னும் 10 செ.மீ. களி கலக்காத, உருண்டை மணியான ஆற்று மணல் வேண்டும், அதுவும் அனுமதிப்பத்திரத்தோடு ஏற்றப்பட்டதாக. கடற்கரை மணலை அள்ளாதீர்கள். சட்டப் பிரச்சினை ஒருபுறம், அதிலுள்ள உப்பு பூட்டுகளைத் தின்று, மர வேர்களையும் வாட்டும்.

இடைவெளிகளையும் அளவுகோல் வைத்துப் பாருங்கள். ஏணிப்படி, கம்பி, பலகை எதிலும் 9 சென்ரிமீற்றருக்கும் 23 சென்ரிமீற்றருக்கும் இடைப்பட்ட இடைவெளி இருந்தால், உடம்பு நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும். ஒன்றில் அதைவிடச் சிறிதாக்குங்கள், இல்லையேல் பெரிதாக்குங்கள்.

இரும்பு இங்கே வேறிடங்களைவிட விரைவாக உக்கும். கடலுக்குக் கிட்ட என்றால் நாகம் (துத்தநாகம்) பூசிய குழாயும் நெடுநாள் தாங்காது. மரக்குற்றி, கருங்கல், தடித்த கயிறு நல்லது. மாதத்துக்கு ஒருவர் சுற்றிப் பார்த்து, பார்த்த திகதியையும் கண்ட பழுதையும் ஒரு கொப்பியில் எழுதி ஒப்பமிட வேண்டும். யார் பொறுப்பு என்ற கேள்வி எழும் நாளில் கைகொடுப்பது அந்தக் கொப்பிதான்.

பழைய வள்ளம், மீன்வலை, கப்பல் கயிறு எல்லாம் பாவிக்கலாமா?

மர வள்ளமோ தோணியோ கிடைத்தால் விடாதீர்கள். மணலில் பாதி புதைத்து, ஆணி பிடுங்கி, விளிம்பைச் சீவி, அடியில் நாலைந்து ஓட்டை போட்டு வையுங்கள், தண்ணீர் நிற்காது. கண்ணாடி நார் வள்ளம் வேண்டாம். வெடித்த இடத்தில் உதிரும் நார் தோலில் ஏறும். துறைமுகப் பக்கம் கிடைக்கும் தடித்த கயிறு நல்லது, ஆனால் இரு நுனியும் இறுக்கிக் கட்டியிருக்க வேண்டும். தொங்கும் சுருக்கு கழுத்தில் விழும். மெல்லிய மீன்வலை விரலை வெட்டும், தொடவேண்டாம். பழைய ரயில் தண்டவாளக் கட்டைகளில் ஊறியிருக்கும் தார் எண்ணெய் தோலுக்குக் கெடுதி. இருக்கைக்கும் ஆகாது, மணல் குழி விளிம்புக்கும் ஆகாது.

மண்ணில் அளைந்தால் வருத்தம் வராதா?

பின்லாந்தில் 2020இல் வெளியான ஓர் ஆய்வில், பராமரிப்பு நிலையங்கள் சிலவற்றின் முற்றத்தில் காட்டு மண்ணையும் செடிகளையும் விரித்து, 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளை 28 நாட்கள் அதில் விளையாட விட்டார்கள். தோலில் இருக்கும் நல்ல நுண்ணுயிர்களின் வகை கூடியது, இரத்தத்தில் நோயெதிர்ப்புச் சமநிலையின் அடையாளங்களும் மேம்பட்டன. மண் எதிரியல்ல.

பூனைப் பீயும் நாய்ப் பீயும்தான் எதிரி. அவற்றிலிருந்து பரவும் புழுமுட்டை மணலில் நெடுநாள் உயிரோடிருக்கும். இரவில் மணல் குழியைக் கம்பிச் சட்டமிட்ட வலையால் மூடுங்கள், படங்கு போட்டால் உள்ளே புழுங்கும். காலையில் ஒருவர் வாரிவிட வேண்டும். வாசலில் கை கழுவக் குழாயும் சவர்க்காரமும் வேண்டும். அந்தத் தண்ணீர் வீணாகாமல் வாழை அடிக்குப் போகட்டும்.

எந்தச் செடிகள் இருக்கவே கூடாது?

அலரி, அதிலும் மஞ்சள் அலரி. அதன் கொட்டை இதயத்தை நிறுத்தும், கோயில் பூவுக்கென்று வேலியோரம் நட்டிருந்தால் அதைக் கோயிலுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். குண்டுமணி, ஆமணக்கு, ஊமத்தை. எருக்கம்பாலும் தில்லைப்பாலும் கண்ணில் பட்டால் ஆபத்து. களப்பு ஓரத்தில் பூங்கா அமைத்தால் தில்லை மரத்தை வெட்டாமல், அந்தப் பக்கத்துக்குப் பிள்ளைகள் போகாதபடி வேலி போட்டால் போதும். தில்லையும் கண்டல் இனம்தான், கரையைக் காக்கும் மரம். பார்த்தீனியத்தை மட்டும் பூக்க முன்னரே, கையுறை போட்டு, வேரோடு பிடுங்கி எரியுங்கள்.

சின்னக் காட்டை அடர்த்தியாக நட்டுவிடும் மியாவாக்கி முறை சரிவருமா?

ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கியின் முறையில் ஒரு சதுர மீற்றருக்கு மூன்று நான்கு கன்றுகள் நடுவார்கள். விளையாட்டிடத்துக்குள் வேண்டாம், உள்ளே நுழைய முடியாது. கச்சான் வரும் பக்கத்தில் ஓர் ஒடுங்கிய பட்டையாக வைத்தால் பயன் உண்டு. முதல் இரண்டு மூன்று கோடைக்குத் தண்ணீர் ஊற்ற ஆளிருந்தால் மட்டும்.

பெண்பிள்ளைகள் ஒரு வயதுக்குப் பிறகு வருவதை நிறுத்திவிடுகிறார்களே?

வியன்னா நகரம் 1990களின் பிற்பகுதியில் இதே கேள்வியைக் கேட்டது. ஒன்பது பத்து வயதுக்குப் பிறகு பூங்காக்களில் பெண்பிள்ளைகள் குறைவதைக் கண்டார்கள். ஒரே பெரிய திடல் இருந்தால் பலத்த பெடியன்கள் அதைப் பிடித்துக்கொள்வார்கள், மற்றவர்கள் ஓரமாக நின்று, பிறகு வராமலே விட்டுவிடுவார்கள். திடலைச் சிறு சிறு இடங்களாகப் பிரித்து, நடைபாதைகளையும் இருக்கைகளையும் கூட்டிய பிறகு பெண்பிள்ளைகள் திரும்ப வந்தார்கள்.

இங்கே அதோடு இன்னும் சில சேர வேண்டும். பூட்டும் கதவுள்ள, தண்ணீர் வரும் மலசலகூடம். வீதியிலிருந்து உள்ளே தெரியும் பார்வை. இரண்டு வாசல். அம்மாமாரும் அம்மம்மாமாரும் இருந்து கதைக்க நிழலில் திண்ணை. அவர்கள் இருக்கும் வரைதான் பிள்ளைகளும் இருப்பார்கள். திண்ணைக்குப் பக்கத்தில் கச்சான் கடலை விற்கும் ஆச்சிக்கும் ஓரிடம் ஒதுக்குங்கள், துரத்த வேண்டாம். ஒவ்வொரு நாளும் ஒரே இடத்தில் இருக்கும் அவவின் கண்ணுக்குத் தப்பி எதுவும் நடக்காது.

சக்கர நாற்காலி வரும் பாதை இறுகிய கிரவலாக, ஒன்றரை மீற்றர் அகலமாக, மணல் குழியின் விளிம்பு வரை போகட்டும். மணலை மேசை உயரத்துக்கு ஒரு தொட்டியில் நிரப்பி வைத்தால் நாற்காலியில் இருக்கும் பிள்ளையும் அளையலாம்.

தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவரும் இருக்கும் இடத்தில் யாருடைய பூங்கா என்ற பேச்சு வராதா?

வரும். ஒரு சமூகத்தின் அடையாளத்தோடு வாசல் கட்டினால் மற்றவர்கள் அடுத்த நாளே வராமல் விடுவார்கள். பெயர்ப்பலகை மூன்று மொழியிலும் இருக்கட்டும், ஆனால் அதற்கு முதலே செய்யவேண்டிய வேலை ஒன்றிருக்கிறது. வரைபடம் போடும் முன் மூன்று பக்கத்துப் பிள்ளைகளையும் ஒருநாள் காணியில் விட்டு, சுண்ணாம்புத் தூளைக் கையில் கொடுத்து, எங்கே ஓடுவோம், எங்கே ஒளிப்போம், எது பயம் என்று நிலத்திலேயே கீறச் சொல்லுங்கள். கிளித்தட்டுக்குக் கோடு கீற மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. நடும் நாளிலும் ஒவ்வொரு கன்றும் ஒவ்வொரு வீட்டுப் பொறுப்பு என்று எழுதிக்கொள்ளலாம். திருவிழா, பெருநாள், வெசாக் நாட்களில் யார் கூட்டுவது, யார் தண்ணீர் ஊற்றுவது என்பதை மாறி மாறிப் பங்கிட்டால் எல்லோருக்கும் லீவு கிடைக்கும்.

என்ன அனுமதி எடுக்க வேண்டும்?

முதலில் காணி யாருடையது என்பதை எழுத்தில் எடுங்கள். வாய்ப்பேச்சில் மரம் நட வேண்டாம். பிரதேச செயலகமும் உள்ளூராட்சி சபையும் தொடங்கும் இடங்கள். கடலோரம் என்றால் 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டப்படி, சராசரி உயர் நீர்க்கோட்டிலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் எதையாவது கட்டுவதற்குக் கரையோரப் பாதுகாப்பு மற்றும் கரையோர மூலவள முகாமைத்துவத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். கோட்டையை ஒட்டிய இடங்களில் தொல்பொருள் திணைக்களத்தைக் கேட்காமல் ஒரு குழியும் தோண்ட வேண்டாம். சீமெந்து குறையக் குறைய அனுமதிச் சிக்கலும் குறையும் என்பது இந்த வகைப் பூங்காவுக்கு ஒரு வசதி.

காசு எவ்வளவு வரும்?

சாமான் வாங்கும் பூங்காவைவிடக் கட்டும் செலவு குறைவு, பராமரிக்கும் உழைப்பு அதிகம். கொடையாளிகள் திறப்பு விழாவுக்குக் காசு தருவார்கள், அடுத்த வருடம் தண்ணீர் ஊற்றத் தரமாட்டார்கள். ஆகவே கிடைக்கும் பணத்தில் மூன்றில் ஒரு பங்கையாவது மூன்று வருடப் பராமரிப்புக்கென்று வங்கியில் போட்டுவிட்டுத்தான் முதல் மண்வெட்டியை எடுங்கள். மாதம் ஒரு தொகை பெறும் ஒருவர் இருக்க வேண்டும். சிரமதானம் நடும் நாளுக்குச் சரி, ஓகஸ்ட் மாத வெயிலில் வாளி தூக்க சிரமதானத்துக்கு ஆள் வராது.

எந்த மாதத்தில் தொடங்குவது?

பெப்ரவரியில் காணியைப் பார்க்கத் தொடங்குங்கள். மாரித் தண்ணீர் எங்கே நின்றது என்ற அடையாளம் அப்போது இன்னும் தெரியும். மே முதல் ஓகஸ்ட் வரை காணியில் எதையும் செய்யாமல், பின்னேரம் மூன்று மணிக்குப் போய் நிழல் எங்கே விழுகிறது, கச்சான் எந்த இடுக்கால் நுழைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். செப்டெம்பரில் மேடு கட்டி, பள்ளம் வெட்டி, குழி தோண்டிக் கம்பிக்கூடுகளையும் தயாராக வையுங்கள். ஒக்டோபரில் நிலம் நன்றாக நனைந்ததும் நடுங்கள். எங்கள் மழையில் பெரும்பங்கு ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில்தான் பெய்கிறது, அந்த நான்கு மாதமும் கன்று இலவசமாக வேர்விடும். ஏப்ரலில் நட்டால் அதே கன்றுக்கு நீங்கள் குடத்தோடு அலைய வேண்டும்.

பெப்ரவரி முடிந்ததும் ஒவ்வொரு கன்றுக்குப் பக்கத்திலும் அடியில் சிறு துளையிட்ட மண்முட்டி ஒன்றைக் கழுத்துவரை புதைத்து, துளையில் திரி செருகி, வாயைச் சட்டியால் மூடுங்கள். மூடாவிட்டால் அதுவும் நுளம்பு வளர்க்கும். மூன்று நாளுக்கு ஒருமுறை நிரப்பினால் போதும். சருகைக் கொளுத்தாமல் மரத்தடியில் நாலு விரல் கனத்துக்குப் பரப்புங்கள், தண்டில் முட்டாமல். திறப்பு விழாவை இரண்டாவது மாரி முடியும் வரை தள்ளிப்போடச் சொல்லுங்கள். அதற்குள் பிள்ளைகள் எப்படியும் உள்ளே வந்து விளையாடிக்கொண்டிருப்பார்கள், அதைத் தடுக்க வேண்டியதில்லை.